பதினேழே முக்கால்: சென்னை சென்ட்ரலில் தொடங்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

கோப்பின் முதல் பக்கத்தில் இவனைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: ஆண், வயது 17, ஆம்பூர் பக்கம், பத்தாம் வகுப்பு தேர்ச்சி, ரயில் நிலையத்தில் கண்டறியப்பட்டு குழந்தைகள் நலக் குழு (ஆதரவற்ற பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் சட்டப்படியான குழு) முன் ஆஜர்படுத்தப்பட்டார். அதற்குக் கீழே, ரயில் நிலையத்தில் உள்ள குழந்தைகள் உதவி மையத்தைப் பொறுத்தவரை நடவடிக்கை முடிந்தது என்று ஒரு முத்திரை. முத்திரை விழுந்த பிறகும் ஒன்றரை வருடம் அவனுக்காகச் சிலர் அலைந்தார்கள். அவர்கள் யார், எந்தக் கணக்கில் அலைந்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடில்லாத பிள்ளைகளைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு அவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

நான் இந்தத் துறையில் களப்பணியாளர்களை மேற்பார்வையிடும் வேலையில் இருக்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியாமலிருக்க, ஒரே மாதிரியான சில நிகழ்வுகளை ஒன்றாகச் சேர்த்து, சில விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். பெயர் எதுவும் வைக்கவில்லை. ஸ்டேஷனில் எல்லோரும் கூப்பிட்டது போல அவனைத் தம்பி என்றும், முதலில் அவனைப் பார்த்த பணியாளரை அவன் கூப்பிட்டது போல அக்கா என்றும் குறிப்பிடுகிறேன்.

ஆடியில் வந்தவன்

கேட்டரிங் பையன்களின் பிழைப்பு முகூர்த்த நாளைப் பிடித்து ஓடுகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் சூப்பர்வைசர், "நாளைக்கு மூணு வேளை, பத்து பேர், வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், ஷூ" என்று போடுவார். முதலில் பதில் போடுகிறவனுக்கு வேலை. முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போனால் மறுநாள் முகூர்த்தச் சாப்பாடு முடியும்வரை மண்டபத்திலேயே கிடக்கலாம். ராத்திரி பந்தி முடிந்து எச்சில் இலை எடுத்தபின், டைனிங் ஹாலில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு தூக்கம். கூலி, சோறு, கூரை மூன்றும் ஒரே இடத்தில். வைகாசியும் ஆனியும் தம்பிக்கு அப்படித்தான் கழிந்தன. முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும் சென்ட்ரல்.

ஆடி பிறந்தது. மண்டபங்கள் காலியாகின. அவனுக்கு வேலை போயிற்று என்பதை யாரும் ஊகிக்கலாம். அதோடு படுக்கையும் போயிற்று. ஆடியிலும் மார்கழியிலும் வெள்ளைச் சட்டைப் பையன்கள் கூடுதலாகக் கண்ணில் படுவார்கள் என்பது எங்கள் ஸ்டேஷன் பணியாளர்களுக்குள் பழகிப்போன பேச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்றது. அவர்களை எண்ணியது பிப்ரவரி 28 இரவில். அது மாசி மாதம், கல்யாண சீசன். இந்தப் பையனைப் போன்றவர்கள் அன்று ஏதோ ஒரு மண்டபத்தில் மேசை விரிப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். இளைஞர்களின் வீடின்மை பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். நடைபாதையில் நிரந்தரமாகப் படுத்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இவர்கள் மண்டபம், நண்பன் ரூம், லோடு இறக்கும் மார்க்கெட், ஸ்டேஷன் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள். தேடிப் போகிறவருக்கு எங்கே, எப்போது, எந்த மாதத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை.

பெண் பிள்ளைகளை இப்படி ஸ்டேஷனில் நாட்கணக்கில் பார்க்க முடியாது. அவர்களை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் வேறு யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அக்காவின் ராத்திரி

அக்கா வியாசர்பாடிக்காரர். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர். இரண்டு பிள்ளைகள். ராத்திரி ஷிப்டில் அவரோடு ஒரு ஆண் பணியாளரும் இருப்பார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும், தெரியாத பயணிகள் பிளாட்பாரத்தில் அவர் நிற்பதைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரிதான் இருக்கும். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

அவருடைய தகவல் வலை என்பது துப்புரவு ஒப்பந்தப் பெண்கள், டீ விற்பவர்கள், போர்ட்டர்கள். தம்பியைப் பற்றிச் சொன்னதும் ஒரு துப்புரவுப் பெண்தான்: "அந்த வெள்ளச் சட்டப் பையன் மூணு நாளா இங்கதான் மூஞ்சி கழுவுறான்." ஊரிலிருந்து புதிதாக ஓடி வந்தவனிடம் பை இருக்கும், கண் அலைபாயும். இவனிடம் பை இல்லை. பாலிதீன் கவரில் ஒரு ஜோடி ஷூ, மஞ்சள் கறை ஏறிய சட்டை, கையில் போன். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த நேரத்தில் போலீஸ் தட்டி எழுப்பும் என்பதெல்லாம் அத்துப்படியான நடை.

அக்கா அவனிடம் பேரையும் ஊரையும் கேட்கவில்லை. சார்ஜ் போடும் இடத்தில் போய் நின்று, "அந்தப் பாயின்ட்ல ஏறாது தம்பி, லூஸ் கனெக்‌ஷன். இந்தப் பக்கம் போடு" என்றார். அவன் மாற்றிப் போட்டான். சிறிது நேரம் கழித்து ஷூவைப் பார்த்து, "எவ்வளவுக்கு வாங்குன?" என்று கேட்டார். அதற்கு மட்டும் அவன் நிமிர்ந்து பதில் சொன்னான்: "இது லெதர் இல்லக்கா, ரெக்சின். சோல் வேற ஒட்டுனது, தையல் இல்ல. எங்க ஊர்ல இத ஷூன்னே சொல்ல மாட்டாங்க." ஆம்பூர் பக்கம் என்று அக்காவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. வயது கேட்டபோது பத்தொன்பது என்றான்.

கேட்டரிங்கில் சொல்லிக்கொடுக்கிற வயது அது. பதினெட்டு என்றால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். அக்கா பதிவேட்டில் "வயது 19 என்கிறார், ஐயம் உள்ளது" என்று எழுதி, அப்போதே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். மறுநாள் ராத்திரி அவன் மறுபடி சார்ஜ் போட வந்தான். ஒரு மொபைல் கடையில் வேலை இருப்பதாகவும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கேட்கிறார்கள் என்றும் சொன்னான். ஷீட் ஊரில் இருக்கிறது, ஊருக்குப் போக முடியாது. அக்கா, அதை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் எடுக்க முடியுமா பார்க்கலாம் என்றார். தேர்வு எண்ணை அவன் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். மார்க் ஷீட்டில் பிறந்த தேதி இருக்கும் என்பது அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

இங்கே அக்கா செய்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று நினைக்கிறேன். அவர் அவனிடமே சொன்னார்: "உனக்குப் பதினெட்டு ஆகலன்னா நான் உன்ன கமிட்டி முன்னாடி நிறுத்தியாகணும். அத மறைச்சு உன்கிட்ட நல்லவ மாதிரி நடிக்க மாட்டேன். அங்க போனா என்னென்ன நடக்கும்னு முதல்ல கேட்டுக்கோ." பிறகு வரிசையாகச் சொன்னார்: போலீஸ் எழுதும், ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஒரு மேசைக்கு எதிரில் உட்கார வைப்பார்கள், ஊருக்குப் போகிறாயா என்று கேட்பார்கள், போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அம்மாவுக்குப் போன் போகும். அம்மாவுக்குப் போன் போகும் என்ற இடத்தில்தான் அவன் அழுதான். அக்டோபர் கடைசியில்தான் பதினெட்டு முடிகிறது என்று சொன்னது அதன் பிறகு.

24 மணி நேரம்

2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குடும்ப ஆதரவின்றிப் பிரிந்திருக்கும் குழந்தையைப் பார்த்தும் தகவல் தராமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதினேழே முக்கால் வயதுப் பையன், பதினேழரை வயதில் சம்பாதித்துச் சாப்பிட்டவன், சட்டத்தின் கண்ணில் ஆறு வயதில் தொலைந்துபோன பிள்ளையோடு ஒரே பட்டியலில் இருக்கிறான். அவன் தன்னைக் குழந்தை என்று நினைப்பதே இல்லை.

களத்தில் இதை இரண்டு விதமாகக் கையாளுவார்கள். ஒரு சாரார், மூன்று மாதத்தில் பதினெட்டு ஆகப்போகிறவனை எதற்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்று அவன் சொன்ன பத்தொன்பதையே எழுதிக்கொண்டு போவார்கள். கருணை போலத் தெரியும். இன்னொரு சாரார், உடனே போலீஸைக் கூப்பிட்டு ஏற்றிவிடுவார்கள். அவன் அடுத்த வாரமே குழந்தைகள் இல்லத்துச் சுவர் ஏறிக் குதிப்பான், வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவான், இனி அட்டை மாட்டியவர்களைக் கண்டாலே ஒதுங்குவான்.

முதல் சாராரின் கருணை எவ்வளவு பெரிய கெடுதல் என்பது பிற்காப்பு விதிகளைப் படித்தால்தான் புரியும். சட்டத்தில் பிற்காப்பு என்பது நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறிய, 18 முடிந்து 21 முடியாதவர்களுக்கான உதவி. சிறப்பு நேர்வுகளில் 23 வரை நீட்டலாம் என்று விதிகள் இடம் தருகின்றன. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். ஆக, பதினெட்டு முடிவதற்கு முன்பு ஏதாவது ஒரு இல்லத்தின் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால்தான் இந்தக் கதவே திறக்கும். பதினெட்டு வயது ஒரு மாதத்தில் தெருவில் கண்டெடுக்கப்பட்டவனுக்கு எதுவும் இல்லை. தம்பியைப் பத்தொன்பது என்றே விட்டிருந்தால் அவனும் அந்தக் கணக்கில் போயிருப்பான். அக்காவுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். அவனிடம் அதையும் சொல்லித்தான் கூட்டிப் போனார்.

இங்கிலாந்திலும் இதே வயதுதான் சிக்கலாக இருந்தது. வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் லண்டனின் சதர்க் நகராட்சியிடம் போனபோது, உனக்குத் தேவை வீடுதான், குழந்தைப் பராமரிப்பு அல்ல என்று வீட்டுவசதிப் பிரிவுக்குத் திருப்பிவிட்டார்கள். 2009 மே மாதம், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அப்படித் தட்டிக்கழிக்கக் கூடாது, குழந்தைகள் துறைதான் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பராமரிப்பில் இருந்ததாகக் கணக்கில் வந்தால் பதினெட்டுக்குப் பிறகும் உதவி தொடரும் என்பதால்தான் அந்த வழக்குக்கு அவ்வளவு கனம். இங்கே அப்படி ஒரு வழக்கைப் போட வேண்டிய தேவை வரவில்லை, அக்கா அவன் பிறந்த தேதியை வாங்கிவிட்டார் என்பதால்.

தாழ்வாரத்தில்

அம்மா ஆம்பூரிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற வேலை, அன்று சம்பளம் போச்சு. குழுவின் முன்னால், "என் புள்ள மேடம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். குடும்பத்தோடு சேர்ப்பதற்குத்தான் சட்டத்தில் முதலிடம். திருப்பத்தூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அனுப்பிய சமூக விசாரணை அறிக்கையும், தாய்க்குச் சம்மதம், வீட்டில் இடமுண்டு என்றே சொன்னது. அறிக்கை எழுதியவர் போன நேரத்தில் அந்த வீட்டு ஆண் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் அம்மா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், ஒரு ஆறு மாசம் இங்கயே வச்சுக்குங்க. அந்தாளுக்கு இவனக் கண்டா ஆகாது. நான்தான் எங்கயாவது போயிருடான்னு சொன்னேன். உள்ள அத எப்படிச் சொல்றது?" தம்பி ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது கூலியை இரண்டாவது கணவர் வாங்கிக்கொண்டதும், கேட்டதற்கு அடித்ததும், தங்கை முன்னால் நடந்ததும் அங்கேதான் வெளிவந்தது. படிவத்தில் "ஓடிவந்த குழந்தை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அம்மாவே காப்பாற்றுவதற்காக வெளியே அனுப்பிய பிள்ளைக்குக் கட்டம் இல்லை.

அக்கா உடனே உள்ளே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. "நான் சொன்னா உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்மா. நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கியது அக்காதான், தாழ்வாரத்திலேயே. குழு மறுபடி கேட்டபோது அம்மா சொன்னார். வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த உத்தரவு மாறியது. அன்று அக்காவின் வேலை நேரம் காலை எட்டு மணிக்கே முடிந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அங்கே அவர் நின்றதற்கு வருகைப் பதிவேட்டில் இடமில்லை.

எட்டாவது முறை

தம்பி ஒரு தொண்டு நிறுவன இல்லத்தில் சேர்ந்தான். அதுவரை அவன் தன் கதையைச் சொன்னவர்கள்: அக்கா, ரயில்வே போலீஸ், மருத்துவர், குழு, இல்லக் கண்காணிப்பாளர், இல்லத்து ஆற்றுப்படுத்துநர் (மனம்விட்டுப் பேச உதவும் ஆலோசகர்), மாவட்ட அலகின் சமூகப் பணியாளர். ஏழு பேர். இவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு சட்டப்பிரிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. ஏழாவது ஆளிடம் அவன் சொன்னது, "வீட்ல சண்ட, வந்துட்டேன்" என்பது மட்டும்.

ஆற்றுப்படுத்துநர் நல்லவர், பொறுமையானவர். ஐந்தாறு வாரத்தில் அவனிடம் தங்கையைப் பற்றிப் பேசும் அளவுக்கு வந்திருந்தார். செப்டம்பரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் மாவட்ட அலகின் ஆற்றுப்படுத்துநருக்கு மாதம் 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய், எல்லாம் ஒப்பந்த அடிப்படையில். தொண்டு நிறுவன இல்லங்களில் இதைவிடக் குறைவாகவும் தருகிறார்கள். முதுகலைப் பட்டத்தோடு சென்னையில் வாடகை கொடுத்து வாழ்கிறவர் பள்ளி வேலை வந்தால் போகத்தான் செய்வார். போனவரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

புதிதாக வந்தவர் முறைப்படி முதல் அமர்வு வைத்தார். "உன்னைப் பத்திச் சொல்லு தம்பி." எட்டாவது முறை. அன்று மாலையே அவன் இல்லத்தை விட்டுப் போய்விட்டான்.

இரண்டு ராத்திரி. காணவில்லை என்று புகார் கொடுத்தாயிற்று, குழுவுக்குத் தகவல் போயிற்று. மூன்றாம் நாள் விடியற்காலையில் அக்காவின் போன் அடித்தது. சென்ட்ரலில்தான் இருந்தான், ஆனால் அக்கா அந்த வாரம் பகல் ஷிப்ட் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு ராத்திரியும் அதே சார்ஜ் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வருவார் என்று பார்த்திருக்கிறான். போனில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஏன்க்கா வரல?" அக்கா பஸ் பிடித்துப் போய்க் கூட்டிக்கொண்டு இல்லத்தில் விட்டார். போன வழியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கேட்டா ஒம்பதாவது தடவ ஆயிருக்கும் சார்" என்றார் பிறகு என்னிடம்.

ரயில் நிலைய உதவி மையத்தின் கணக்கில் ஜூலையிலேயே முடிந்துபோன கேஸ் இது. பஸ் காசு அக்காவினுடையது.

சொந்த நம்பரைக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள்தான் பயிற்சியில் சொல்கிறோம். காரணம் இல்லாமல் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும், பணம் கேட்பார்கள், பணியாளருக்குத் தூக்கம் கெடும், சில சமயம் தப்பான பழியும் வரும். எல்லை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை, காணாமல் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் எல்லோரும் யாரோ ஒருவரின் சொந்த நம்பரைப் பிடித்துத்தான் வந்தார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தினமும் எத்தனையோ அழைப்புகள் வருகின்றன. 1996-ல் மும்பையில் தொடங்கி, 2023-லிருந்து 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டு அரசு நேரடியாக நடத்தும் அந்தச் சேவை இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு அது சரி. ஏற்கெனவே ஏழு பேரிடம் சொன்னவனுக்குத் தேவை தெரிந்த குரல். இணைப்பு நடந்தபோது, பல வருடம் அந்த வேலை பார்த்த எத்தனையோ தொண்டு நிறுவனப் பணியாளர்கள் விலக நேர்ந்தது. அவர்களோடு எத்தனை தெரிந்த குரல்கள் போயின என்று கணக்கெடுக்க முடியாது.

கேட்டைத் திறக்கிற அண்ணன்

அக்டோபர் கடைசியில் அவனுக்குப் பதினெட்டு. இல்லத்தில் கேக் வெட்டினார்கள். நவம்பரில் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பிற்காப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, வங்கிக் கணக்கு திறந்தாயிற்று, மாவட்ட அளவில் ஒப்புதல் வரவேண்டும். அது வந்து முதல் பணம் கணக்கில் ஏறப் பல மாதம் ஆனது. ஐ.டி.ஐ.யில் சேரலாம் என்றால் அந்த வருடச் சேர்க்கை முடிந்துபோயிற்று. தனியாக ரூம் எடுக்கலாம் என்றால், பேச்சிலர் என்றதுமே பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள், மீதிப் பேர் அட்வான்ஸ் கேட்பார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதிலேயே ஒரு வழி இருக்கிறது. ரூம் தேடி நிற்கிற பதினெட்டு வயதுப் பையன் எதற்கு ஒத்துக்கொள்ளமாட்டான்?

கடைசியில் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம். நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று வீதம், வருடம் முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாக வந்தவை. மாநகராட்சி இடம் தரும், தொண்டு நிறுவனம் நடத்தும். ஆண்கள் காப்பகத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். குடியால் வீட்டை விட்டவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், மனநிலை சரியில்லாதவர்கள். பதினெட்டு வயதுப் பையனை அங்கே படுக்கவைப்பதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. வேறு இடம் இருக்கவில்லை.

அங்கே அவனைக் காப்பாற்றியது ஒரு ராத்திரிக் காப்பாளர். ஒரு காலத்தில் பாரிமுனை நடைபாதையில் படுத்தவர், இப்போது காப்பகச் சாவியை வைத்திருப்பவர். அவர் எந்தச் சான்றிதழ்ப் படிப்பும் படித்தவரில்லை. ஆனால் தம்பி வந்த முதல் நாளே அவன் படுக்கையைத் தன் மேசைக்குப் பக்கத்தில், கதவோரம் போடச் சொன்னார். மறுநாள் காலை அவனிடம் ஒரு வேலை கொடுத்தார்: ஐந்தரைக்கு எழுந்து, மாத்திரை சாப்பிட வேண்டிய நான்கு தாத்தாக்களை எழுப்பித் தண்ணீர் கொடுப்பது. வெளியே பார்த்தால் வேலை வாங்குவது போல இருக்கும். அதன்பிறகு அவன் அங்கே ஒண்டியிருக்கிற சின்னப் பையன் இல்லை, காப்பாளரின் ஆள். யாரும் அவன் பக்கம் வாலாட்டவில்லை.

கார்த்திகையில் மண்டபங்கள் மறுபடி நிரம்பின. தம்பி கேட்டரிங் போனான். பந்தி முடித்து, கணக்கு வாங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வர ராத்திரி ஒன்றாகும். காப்பகத்தின் கேட் பத்து மணிக்குச் சாத்தவேண்டும் என்பது அங்கே வைத்துக்கொண்ட ஒழுங்கு. முதல் நாள் அவன் கேட்டுக்கு வெளியே நின்று, தட்டப் பயந்து, சுவரோரம் படுத்துவிட்டான். காலையில் பார்த்த காப்பாளர் திட்டித் தீர்த்தார்: "தட்ட மாட்டியாடா? அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" அடுத்த நாளிலிருந்து முகூர்த்த நாட்களின் பட்டியல் ஒன்று காப்பாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அந்தத் தேதிகளில் அவர் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

சில வாரம் கழித்து ஆய்வுக்கு வந்த ஒருவர், வருகைப் பதிவேட்டில் ராத்திரி 1.10, 12.50 என்ற நேரங்களைப் பார்த்து, ஒழுங்கு சரியில்லை என்று குறிப்பு எழுதினார். அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தது நான். வேலைக்குப் போகிற இளைஞனைப் பத்து மணிக்குள் வா என்பதும் வேலைக்குப் போகாதே என்பதும் ஒன்றுதான் என்று எழுதினேன். பதில் வரவில்லை. கேட் திறந்துகொண்டிருந்தது.

இப்போது

அடுத்த ஆண்டு சேர்க்கையில் தம்பி அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவில் சேர்ந்தான். பிற்காப்புப் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தது. அதோடு ஐ.டி.ஐ. உதவித்தொகை மாதம் 750 ரூபாய், விடுமுறை நாட்களில் கேட்டரிங். இரண்டு வகுப்புத் தோழர்களோடு ரூம் எடுத்துவிட்டான். அட்வான்ஸில் ஒரு பங்கை இல்லத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். அம்மா மாதம் ஒருமுறை தங்கையோடு வந்து பார்க்கிறார், ரூமில் அல்ல, சென்ட்ரலில், திரும்பும் ரயிலுக்கு முன்பு.

அக்கா இப்போது எங்களோடு இல்லை. மார்ச்சோடு முடிந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட ஜூன் ஆகும் என்றார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் ஜூனில்தான் வருகிறது. ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சேர்ந்துவிட்டார். பகல் வேலை, இ.எஸ்.ஐ. உண்டு. ஜூலையில் எங்களுக்கு ஆணை வந்தபோது கூப்பிட்டுப் பார்த்தேன். "வரணும்னுதான் சார் இருக்கு. ஆனா மார்ச்சுல மறுபடி இதே கத தானே?" என்றார். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இந்த நிகழ்வை வைத்து எங்கள் குழு உட்கார்ந்து பேசியதில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. பிள்ளை முதலில் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே, அவன் ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, அவன் கையெழுத்தோடு அடுத்தடுத்த பணியாளருக்குக் கொடுக்கிறோம். படிவங்களுக்குத் தேவையானதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், போலீஸும் நலக் குழுவும் கேட்பதைத் தவிர்க்க முடியாது, ஆனால் இல்லத்தில் புதிதாக வருகிறவர் "உன்னைப் பத்திச் சொல்லு" என்று தொடங்கக் கூடாது. பணியாளர் விலகுவதற்கு முன் புதியவரோடு சேர்ந்து குறைந்தது இரண்டு முறை பிள்ளையைச் சந்திக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், விலகுகிறவருக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தை யார் தருவது என்பது. இப்போதைக்கு நிறுவனத்தின் பொது நிதியிலிருந்து தருகிறோம்.

சொந்த நம்பர் விஷயத்தில் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறோம். உதவி மையத்துக்கென்று ஒரு சிம். ஷிப்டில் இருப்பவர் எடுப்பார். ஆனால் முதல் சந்திப்பிலேயே இரண்டு பணியாளர்களையாவது பிள்ளைக்கு அறிமுகப்படுத்த வேண்டும், இரண்டு பேர் குரலும் அவனுக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பிறகும் தெரியாத குரல் கேட்டதும் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைக்கப்பட்ட அழைப்புகளைக் குறித்துவைத்து, பழகிய பணியாளர் ஷிப்டுக்கு வந்ததும் திருப்பிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம்.

கேஸ் முடிந்த பிறகு செய்கிற வேலைக்கு நேரமும் பயணப்படியும் கணக்கில் வரவேண்டும் என்று நிதி தருகிறவர்களிடம் கேட்டிருக்கிறோம். "முடித்த கேஸ்கள்" என்ற எண்ணிக்கைக்குத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள், முடித்த கேஸுக்கு மறுபடி செலவு எதற்கு என்று கேட்டார்கள். தம்பியின் கோப்பை, முத்திரைக்குப் பிறகு நடந்தவற்றைத் தேதிவாரியாக இணைத்து அனுப்பிவைத்தோம். வரும் நிதியாண்டுக்கு ஒரு பணியாளரின் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பயணப்படிக்கு இன்னும் இல்லை.